நுரையீரல் புற்றுநோய் எந்த வகை? வன்னியிலிருந்து ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"சதை எடுக்காமல், ரத்தத்தில பாத்துச் சொல்லேலாதோ?" நெஞ்சு ஸ்கானில் கட்டி தெரிந்த எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி இது. கேட்பதில் பிழையே இல்லை. எழுபது வயது ஐயாவின் விலாவுக்குள் நீட்டு ஊசி போகப்போகிறது என்றால் பிள்ளைகளுக்குப் பயம் வரத்தான் செய்யும். போதாக்குறைக்கு வெளிநாட்டில் இருக்கும் மருமகன் வாட்ஸ்அப்பில் "இஞ்ச எல்லாம் ரத்தத்திலதான் பாக்கினம்" என்று ஒரு குரல்பதிவு அனுப்பியிருப்பார்.

மருமகன் சொல்வதில் பாதி சரி. ரத்தத்திலும் சளியிலும் நெஞ்சில் தேங்கும் நீரிலும் கட்டியின் அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைத் தேடும் பரிசோதனைகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வி என்னவென்று தெரியாமல் கையை நீட்டினால் காசும் போய், நாளும் போய், விளங்காத ஒரு ரிப்போட்தான் மிஞ்சும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கத்திலிருந்து முதல்முறை இதற்காக அலையத் தொடங்குகிறவர்கள் எந்த ஒழுங்கில் போகலாம், யாரிடம் என்ன கேட்கலாம் என்பதைப் பார்ப்போம்.

வகை தெரிந்தால் என்ன மாறும்

வைத்தியம் முழுவதுமே மாறும். நுரையீரல் புற்றுநோயை முதலில் இரண்டாகப் பிரிப்பார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேருக்கு வருவது சிறுகல வகை. ரிப்போட்டில் ஸ்மோல் செல் என்று இருக்கும். பெரும்பாலும் நெடுநாள் பீடி, சுருட்டு, சிகரெட் குடித்தவர்களுக்கு வரும், மளமளவென்று பரவும். இதற்குச் சத்திரசிகிச்சை அரிது. கீமோவும் கதிர்ச் சிகிச்சையும்தான் முக்கிய வழி, அதையும் உடனே தொடங்க வேண்டும். மிச்சம் 85 பேருக்குச் சிறுகலம் அல்லாத வகை. அதில் பெரிய பிரிவுகள் இரண்டு: அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ். ஸ்குவாமஸ் பெரும்பாலும் புகைப்பவர்களின் நோய், பெரிய மூச்சுக்குழாய்களை ஒட்டி வரும். அடினோகார்சினோமா நுரையீரலின் ஓரங்களில் வரும். வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொடாத, அடுப்படிப் புகைக்குள் காலம் கழித்த அம்மாவுக்கும் வரலாம்.

இந்தப் பிரிவினை வெறும் பெயர் அல்ல. பெமெட்ரெக்செட் என்ற கீமோ மருந்து அடினோகார்சினோமாவில் வேலை செய்யும், ஸ்குவாமஸில் செய்யாது. பெவசிசுமாப் என்ற மருந்தை ஸ்குவாமஸ் நோயாளிக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் பாரதூரமாக ரத்தம் கசியக்கூடும். அடினோகார்சினோமாவில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கீமோவுக்குப் பதிலாக ஜெபிட்டினிப், எர்லோட்டினிப், ஒசிமெர்ட்டினிப் போன்ற வில்லைகளையே முதல் மருந்தாக எழுதலாம். இந்தத் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது 2004இல். ஐரோப்பியர்களில் பத்துப் பேரில் ஒருவர் அளவில் காணப்படும் இந்த மாற்றம், கிழக்காசியாவில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருக்கிறது. இந்திய ஆய்வுகளில் நாலில் ஒரு பங்கு அளவில் வருகிறது. எங்கள் ஆட்களில் தேடிப் பார்ப்பது வீண்வேலை இல்லை என்பதற்கு இதுவே போதும்.

முதலில் காசநோயைக் கழியுங்கள்

இருமல், சளியில் ரத்தம், மெலிவு, மாலைக் காய்ச்சல்: காசநோய்க்கும் இவைதான் குணங்குறிகள், புற்றுநோய்க்கும் இவைதான். ஆகவே முதலில் போக வேண்டிய இடம் உங்கள் மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையம். சளிப் பரிசோதனைக்கு அங்கே காசு இல்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளியைக் கொடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை பிழைக்கும்.

சளியில் கிருமி இல்லை என்று வந்து, கொடுத்த மருந்து முடிந்த பிறகும் எக்ஸ்ரேயில் அந்த வெள்ளை கலையவில்லை என்றால், அடுத்த போத்தல் பாணிமருந்துக்குச் சம்மதிக்காமல் ஸ்கானைப் பற்றிக் கேளுங்கள். பழைய காசநோய்த் தழும்புக்குப் பக்கத்திலேயே புதிய கட்டி வளர்வதும் உண்டு. பழைய எக்ஸ்ரே படம் வீட்டு அலுமாரியில் இருந்தால் தூசி தட்டிக் கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பெறுமதியானது எதுவுமில்லை.

ஸ்கானுக்கு முன் இரண்டு விடயங்களை நீங்களாகவே சொல்ல வேண்டும். ஒன்று சிறுநீரகம். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் சரியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததே. ஸ்கானுக்கு ஏற்றும் சாயமருந்து பழுதான சிறுநீரகத்தை மேலும் சிரமப்படுத்தக்கூடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாற்றினின் ரத்தப் பரிசோதனை ரிப்போட் கையில் இருக்கட்டும். மற்றது போரில் பட்ட எறிகணை (செல்) துண்டு. 2009இலும் அதற்கு முன்பும் காயப்பட்டவர்கள் பலரின் உடம்பில் உலோகத் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதுவது வழமை. அந்த இயந்திரம் பலமான காந்தம். உள்ளே கிடக்கும் இரும்பு அசையலாம், சூடேறலாம். சிலர் பழைய பயத்தில் காயத்தை மறைக்கிறார்கள். அது எங்கே, எப்படிப் பட்டது என்ற கதை ஸ்கான் எடுப்பவர்களுக்குத் தேவையில்லை. "உடம்பில உலோகம் இருக்கு, இந்த இடத்தில" என்றால் போதும். எம்.ஆர்.ஐ. ஏலாது என்றால் மூளையை வேறு ஸ்கானில் பார்ப்பார்கள்.

ஊசிக்கு முன்பே கிடைக்கும் மாதிரிகள்

ரத்தத்துக்குத் தாவுமுன் இரண்டு மலிவான மாதிரிகளை மறந்துவிடக் கூடாது. சளியில் புற்றுக்கலம் இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். பெரிய மூச்சுக்குழாயை ஒட்டி வரும் ஸ்குவாமஸ், சிறுகல வகைகளில் இது சிலவேளை பலிக்கும். ஓரத்தில் இருக்கும் அடினோகார்சினோமாவில் அவ்வளவாகப் பலிக்காது.

நெஞ்சுக்கூட்டில் நீர் கட்டியிருந்தால் அது பெரிய வாய்ப்பு. மூச்சு முட்டுக்காக அந்த நீரை எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள். எடுத்ததை வாளிக்குள் ஊற்றிவிடாமல், கலப் பரிசோதனைக்கு அனுப்பும்படியும், போதுமான கலம் இருந்தால் அதை மெழுகில் பதித்து மெழுகுக் கட்டையாகச் செய்து வைக்கும்படியும் விடுதி வைத்தியரிடம் முதல்நாளே கேட்டுவையுங்கள். அந்தக் கட்டையிலிருந்து வகையையும் சொல்லலாம், மரபணுவையும் பார்க்கலாம். பல நோயாளிகளுக்கு நுரையீரலில் ஊசி குத்தும் தேவையே இதோடு தீர்ந்துவிடும். இதை வன்னி வைத்தியசாலை ஒன்றில் எடுத்து வேறிடத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம், நேரம் எடுக்கும். ஆனாலும் இதைத் தவறவிடுவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகிற விடயம்.

ரியூமர் மார்க்கர் பொதி

தனியார் ஆய்வுகூடங்களில் "கான்சர் டெஸ்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது இதுதான்: கட்டி சுரக்கும் சில புரதங்களின் அளவு. அடினோகார்சினோமாவில் கூடுவது சி.ஈ.ஏ. ஸ்குவாமஸில் சைப்ரா 21-1, எஸ்.சி.சி. என்ற இரண்டும். சிறுகல வகையில் என்.எஸ்.ஈ., புரோ-ஜி.ஆர்.பி. என்ற இரண்டும். காகிதத்தில் பார்த்தால், எது கூடியிருக்கிறதோ அதை வைத்து வகையைச் சொல்லிவிடலாம் போலத் தோன்றும்.

நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. சி.ஈ.ஏ. புகைப்பவருக்கும் கூடும், ஈரல் நோயிலும் கூடும், குடல் புற்றுநோயிலும் கூடும். எஸ்.சி.சி. தோல் வருத்தம் இருந்தால் கூடும். மாதிரியில் வியர்வையோ எச்சிலோ பட்டாலே கூடும். சிறுநீரகம் பழுதானால் புரோ-ஜி.ஆர்.பி., சைப்ரா, எஸ்.சி.சி. மூன்றுமே உயரும். எங்கள் பக்கத்துச் சிறுநீரக நோயாளி ஒருவருக்குப் புரோ-ஜி.ஆர்.பி. கூட வந்தால், அதை வைத்துச் சிறுகலப் புற்றுநோய் என்று வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. என்.எஸ்.ஈ. இன்னும் சில்லெடுப்பு. சிவப்பணுக்களுக்குள்ளேயே அது நிறைய இருக்கிறது. ரத்தத்தைச் சீக்கிரம் இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளியும் நீரான சீரத்தைப் பிரிக்காமல், ரியூபோடு பஸ்ஸில் போட்டு அனுப்பினால் வழியிலேயே சிவப்பணு உடைந்து அளவு பொய்யாக ஏறிவிடும். மற்றப் பக்கமும் பாருங்கள்: எல்லா மார்க்கரும் சரியாக இருந்தும் கட்டி புற்றுநோயாக இருக்கலாம்.

ஆகவே நோயைக் கண்டுபிடிக்க இந்தப் பொதியை நீங்களாகப் போய்ச் செய்யாதீர்கள். நோய் உறுதியான பிறகு, சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்கத் தொடக்க அளவு ஒன்று வேண்டும் என்று வைத்தியர் கேட்டால் செய்யுங்கள். அப்போதும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். இயந்திரம் மாறினால் இலக்கமும் மாறும், இறங்கியதா ஏறியதா என்று சொல்ல முடியாது.

ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.

மருமகன் குரல்பதிவில் சொன்னது இதைத்தான். உடம்பில் கலங்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுதுண்டாக ரத்தத்துக்குள் வரும். இது 1948இலேயே பிரான்சில் கவனிக்கப்பட்டது. துண்டு ஒன்றின் நீளம் ஏறக்குறைய 167 எழுத்து. கட்டியின் கலங்களும் இப்படியே சாகின்றன, அவற்றின் துண்டுகளும் கலக்கின்றன. அந்தத் துண்டில் ஈ.ஜி.எப்.ஆர். மாற்றம் இருந்தால் தேடிப் பிடிக்கலாம். இந்த மாற்றத்துக்கான ரத்தப் பரிசோதனையை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முதன்முதலில் அங்கீகரித்தது 2016இல். பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கு 2020இல் அங்கீகாரம் கிடைத்தது.

இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று கவனியுங்கள். "எந்த மருந்துக்குப் பொருத்தமான மரபணு மாற்றம் இருக்கிறது?" என்பதற்கு நல்ல பதில். "இது அடினோவா, ஸ்குவாமஸா, சிறுகலமா?" என்பதற்கு மறைமுகமான பதில் மட்டும். ஈ.ஜி.எப்.ஆர். மாற்றம் தெரிந்தால் அடினோகார்சினோமா என்று ஊகிக்கலாம். ஆர்.பி.1, டி.பி.53 என்ற இரண்டு மரபணுவும் ஒன்றாகப் பழுதாகியிருந்தால் சிறுகல வகையைச் சந்தேகிக்கலாம். ஆனால் வகையை உறுதிசெய்வது இன்றும் நுணுக்குக்காட்டியின் கீழ்த் தெரியும் கலமும் அதற்கு ஏற்றும் சாயங்களும்தான்: டி.டி.எப்.-1 ஏறினால் பெரும்பாலும் அடினோ, பி40 ஏறினால் ஸ்குவாமஸ்.

அப்படியானால் யாருக்கு இந்த ரத்தப் பரிசோதனை உதவும்? வகை தெரிந்துவிட்டது, ஆனால் எடுத்த சதை மிகச் சிறியது, மரபணு பார்க்கப் போதாது என்றவருக்கு உதவும். மூச்சு நிலைமையால் மறுபடி ஊசி குத்த ஏலாதவருக்கு உதவும். வில்லை குடித்து நன்றாக இருந்து, பிறகு நோய் திரும்பியவருக்கும் உதவும். நோய் நுரையீரலைத் தாண்டிப் பரவியிருந்தால் ரத்தத்தில் துண்டுகள் நிறைய இருக்கும். சின்னக் கட்டியாக ஒரே இடத்தில் இருந்தாலோ, மூளையில் மட்டும் பரவியிருந்தாலோ ரத்தத்தில் அகப்படாமல் போகலாம். சிகிச்சை தொடங்குமுன், அல்லது நோய் திரும்பி ஏறும்போது எடுக்க வேண்டும். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நடுவில் எடுத்தால் துண்டுகள் குறைந்து ஒன்றும் தெரியாமல் போகும்.

இதில் இரண்டு விதம் உண்டு. ஈ.ஜி.எப்.ஆர். மரபணுவின் குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பார்ப்பது ஒன்று. விலை குறைவு, விடை விரைவு. இன்னொன்று பல மரபணுக்களையும் வாசிப்பது, ஏ.எல்.கே., ரொஸ்-1 போன்றவற்றையும் பார்க்கும், விலை பலமடங்கு. எது உங்களுக்கு என்பதைப் புற்றுநோய் வைத்தியர் சொல்லட்டும். கவுண்டரில் நிற்பவர் சொல்லக் கூடாது.

ரியூபும் தூரமும்

வன்னியில் இருப்பவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இது. ரத்தம் எடுத்த கையோடு வேலை முடிவதில்லை.

வழமையான ஊதா மூடி ரியூபில் எடுத்த ரத்தத்தைச் சில மணித்தியாலத்துக்குள் சுழற்றி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் சிதைந்து தங்கள் சொந்த டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும். விதைநெல் மூட்டைக்குள் நாலு மணி பிற இனம் கலந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும்போது மேலே இன்னும் பத்து மூட்டையைக் கொட்டிவிட்டால் எப்படித் தேடுவது? கட்டியின் துண்டு உள்ளே இருக்கும், ஆனால் இயந்திரத்துக்குத் தெரியாது. ரிப்போட்டில் "காணப்படவில்லை" என்று வரும். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஊதா மூடி ரியூபைக் காலையில் எடுத்து அப்படியே கொழும்புக்கு ஏற்றினால் அந்தப் பரிசோதனை செய்யாமலே விட்டிருக்கலாம்.

இதற்கென்றே வெள்ளணு சிதையாமல் காக்கும் மருந்து போட்ட விசேட ரியூப் இருக்கிறது. ஸ்ரெக் என்ற கம்பனியுடையது அதிகம் புழங்குவது; அதில் எடுத்த ரத்தம் அறை வெப்பநிலையில் 14 நாள் வரை தாங்கும் என்று கம்பனியே சொல்கிறது. ஆகவே ரத்தம் கொடுக்குமுன் கேளுங்கள்: எந்த ரியூப்? எங்கே சுழற்றிப் பிரிப்பீர்கள்? மாதிரி கொழும்பிலேயே பார்க்கப்படுமா, நாடு தாண்டிப் போகுமா? பதில் சரியாக வராவிட்டால் அங்கே கொடுக்காதீர்கள். பிரிக்கும் வசதியுள்ள இடத்துக்கு நோயாளியே போய்க் கொடுப்பது, தூரம் கூடினாலும், அதைவிட நல்லது.

எடுக்கும்போது பாருங்கள். ரியூப் கோடு வரை நிறைய வேண்டும், பெரும்பாலும் 10 மில்லிலீற்றர் ரியூப் இரண்டு எடுப்பார்கள். எடுத்ததும் தலைகீழாக மெதுவாக எட்டுப் பத்துத் தரம் புரட்ட வேண்டும், குலுக்கக் கூடாது. விசேட ரியூபை ஐஸ்பெட்டிக்குள் வைக்கக் கூடாது, குளிரிலும் கலம் சிதையும். எங்கள் சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள்ளும் விடக் கூடாது. அந்த ரியூபுக்குச் சொல்லப்பட்ட எல்லை 37 பாகை, பூட்டிய வானுக்குள் அதைத் தாண்ட அரைமணி வேண்டாம். பிரித்த பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் ரத்தம் உடைந்திருக்கிறது. அப்போது "அனுப்பிப் பாப்பம்" என்பதை ஏற்காமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு குத்துக்கு ஐயா முகம் சுளிப்பார்தான்.

ரிப்போட் வந்த பிறகு

மாற்றம் காணப்பட்டது என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். எக்சோன் 19 நீக்கம், எல்858ஆர் என்ற இரண்டுமே ஈ.ஜி.எப்.ஆர். மாற்றங்களில் பெரும்பங்கு, இரண்டுக்கும் வில்லை உண்டு. பக்கத்தில் ஒரு சதவீதக் கணக்கும் போட்டிருக்கும். 0.5 என்றால் 200 துண்டில் ஒன்றில் மாற்றம் இருந்தது என்று பொருள். குறைவாக இருக்கிறதே என்று மருந்து வேலை செய்யாது என நினைக்க வேண்டாம். பல மரபணு ரிப்போட்டில் டி.என்.எம்.டி.3ஏ போன்ற பெயர்கள் வந்தால் அவை வயது போனவர்களின் வெள்ளணுக்களிலிருந்து வந்திருக்கலாம், கட்டியிலிருந்து அல்ல. அதனால் ரிப்போட்டைக் கூகிளில் தட்டிப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

காணப்படவில்லை என்று வந்தால்? சதையில் மாற்றம் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேரில் ரத்தம் அதைத் தவறவிடுகிறது. ஆகவே இதை "இல்லை" என்று எடுக்கக் கூடாது, சதைக்குத் திரும்ப வேண்டும். இந்த ஒரு விடயத்தை விளங்காமல் வீட்டுக்குத் திரும்பி, வில்லைக்கான வாய்ப்பையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஜெபிட்டினிப், எர்லோட்டினிப் குடித்து நோய் திரும்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு டி790எம் என்ற புதிய மாற்றம் வரும். அதை ரத்தத்தில் பார்ப்பது நல்ல தொடக்கம். இருந்தால் ஒசிமெர்ட்டினிப்புக்கு மாறலாம். இன்னொரு சாத்தியமும் உண்டு. சிலருக்கு அடினோகார்சினோமாவே சிறுகல வகையாக மாறிவிடும். ரத்தத்தில் பழைய ஈ.ஜி.எப்.ஆர். மாற்றம் அப்படியே தெரியும், ஆனால் கட்டி வேறொன்றாகியிருக்கும். நோய் திடீரென்று வேகம் பிடித்தால், என்.எஸ்.ஈ. கடகடவென்று ஏறினால், மறுபடி சதை எடுக்க வைத்தியர் சொல்லுவார். அந்த நேரம் "ரத்தத்தில பாருங்கோ டொக்டர்" என்று மறிக்காதீர்கள்.

மூச்சுக்காற்று, சிறுநீர், எச்சில், மைக்ரோ ஆர்.என்.ஏ., மெதைலேற்றம் என்று வேறு பரிசோதனைகளின் பெயர்களும் காதில் விழும். சிறுகல வகைக்குள்ளேயே உட்பிரிவுகளை ரத்தத்தில் பிரித்தறியும் ஆய்வுகளும் நடக்கின்றன. நல்ல ஆய்வுகள், ஆனால் உங்கள் வீட்டு நோயாளியின் மருந்தைத் தீர்மானிக்கும் நிலைக்கு வரவில்லை. யாராவது காசுக்கு விற்றால் வாங்க வேண்டாம்.

காசும் கடதாசியும்

வன்னியிலிருந்து பெரும்பாலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, அல்லது கொழும்புப் பக்கம் மகரகமவிலுள்ள தேசியப் புற்றுநோய் வைத்தியசாலை என்றுதான் துண்டு எழுதுவார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த பணத்தில் எழும்பி 2013இல் திறக்கப்பட்டது. கிளிநொச்சிக்காரருக்குக் கொழும்பு அலைச்சல் குறைந்ததற்கு அந்த நடைக்கும் பங்கு உண்டு. எங்கே போனாலும், தனியாருக்குப் பெருந்தொகை கட்டுமுன் புற்றுநோய் வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள்: "டொக்டர், இந்த டெஸ்டில மாற்றம் இருக்கெண்டு வந்தா அந்த மருந்து ஆஸ்பத்திரியில கிடைக்குமோ? இல்லாட்டி மாசம் எவ்வளவு முடியும்?" மருந்து எந்த வழியிலும் எட்டாது என்றால் பரிசோதனையை ஒத்திவைப்பதில் வெட்கமில்லை. கடன்பட்டு ரிப்போட் எடுத்து, மருந்துக்குக் கையை விரிப்பதைவிட அது மேல். மருத்துவ உதவிக்கு ஜனாதிபதி நிதியம் இருக்கிறது. படிவத்தையும் தேவையான கடிதங்களையும் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சிறுகல வகை என்று சதை ரிப்போட் வந்துவிட்டால் மரபணு ரத்தப் பரிசோதனைக்காகச் சிகிச்சையைப் பின்போட வேண்டாம். அந்த வகைக்கு அதை வைத்து மாற்றும் வில்லை இன்று வழக்கத்தில் இல்லை.

சதை எடுத்த இடத்தில் மெழுகுக் கட்டையையும் கண்ணாடித் தகடுகளையும் பாதுகாத்து வைத்திருப்பார்கள். வேறு வைத்தியசாலைக்கோ இந்தியாவுக்கோ போவதாக இருந்தால் முதலிலேயே கடிதம் கொடுத்து அவற்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டையை வெயில் படாமல் கொண்டுபோங்கள், மெழுகு உருகும். பயொப்சி (சதைப் பரிசோதனை) இலக்கத்தைக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் எழுதிவையுங்கள். விடுதியில் வாங்கிவைக்கும் ரிப்போட் திரும்பி வராமல் போவதுண்டு. கையில் கிடைத்த அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது அனுப்பிவிடுங்கள்.